தேடவும் கற்றுத்தர வேண்டும்



வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரை செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் இன்று கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பெருகியிருக்கின்றன. காலை வேளையில் கூடுவாஞ்சேரியைக் கடந்து பொத்தேரியில் நிற்கும் மின்சார ரயிலிலிருந்து இறங்கும் மாணவர் கூட்டமே அதற்குச் சாட்சி. அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களுடைய கட்டணத்தைக் கட்டப் பெற்றோர் படும் பாட்டை நாம் அறிவோம்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை கல்லூரியின் முதல் ஆண்டிலேயே தடுமாறுவது ஏன்? அறிவு குறைந்துவிட்டதா? சோம்பலா? மொழிச் சிக்கல், வீட்டுச் சூழல் எனப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றோடு நாம் அதிகம் பேசாத காரணம் ஒன்றும் உண்டு. பள்ளியில் ஒரு பாடநூல் இருந்தது. கேள்வியும் அதிலிருந்துதான், பதிலும் அதிலிருந்துதான். கல்லூரியிலோ ஒரு தலைப்பைக் கொடுத்து, "கட்டுரை எழுதி வா" என்கிறார்கள். எங்கே தேடுவது, கிடைத்ததில் எதை நம்புவது, எடுத்ததை எப்படிச் சொல்வது என்பதை எவரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

இந்தத் திறனைத்தான் 'தகவல் எழுத்தறிவு' என்கிறார்கள். 1974இல் அமெரிக்கரான பால் சுர்கோவ்ஸ்கி இச்சொல்லைப் பயன்படுத்தினார். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கம் அதற்கு விளக்கம் தந்தது. தகவல் எப்போது தேவை என்று உணர்வது, அதைத் தேடிக் கண்டடைவது, அதன் தரத்தை எடைபோடுவது, அதைச் சரியாகப் பயன்படுத்துவது ஆகிய நான்கும் சேர்ந்ததே இத்திறன்.

நம் மண்ணின் முன்னோடி

சொல் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் கருத்து நமக்குப் புதிதல்ல. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. நூல்கள் பயன்படுத்தப்படவே இருக்கின்றன என்பதும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவ்விதிகளுள் இரண்டு.

நம் சிந்தனைக்கு உதவும் செய்தி ஒன்று அவரிடம் உண்டு. நூல்களை ஒழுங்காக அடுக்கிவைத்தால் போதும் என்று அவர் எண்ணவில்லை. புதிதாகச் சேரும் மாணவருக்கு நூலகத்தைப் பழக்கிவிடுவதையும் நூலகரின் கடமைகளுள் ஒன்றாக அவர் வைத்தார். தேடும் திறன் தானாக வருவதில்லை, ஒருவர் உடனிருந்து பழக்கவேண்டும் என்பதை அன்றே அவர் உணர்ந்திருந்தார். அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நம் மாவட்டமே ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மாணவி செங்கல்பட்டு மாவட்டத்தின் மக்கள்தொகை வளர்ச்சி பற்றிக் கட்டுரை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் 1991ஆம் ஆண்டின் செங்கல்பட்டு மாவட்டக் கணக்கு கிடைக்கும். ஆனால் அந்த மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்போது செங்கல்பட்டு என்றொரு மாவட்டமே இல்லை. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து பிறந்தது.

பெயர் ஒன்று, நிலப்பரப்பு வேறு. இதை அறியாமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்தால், மக்கள்தொகை குறைந்துபோனதாகக்கூட முடிவு வந்துவிடும். அவள் பொய் சொல்லவில்லை, சோம்பியிருக்கவும் இல்லை. இந்த எண் எந்த ஆண்டுக்கு, எந்தப் பரப்புக்கு உரியது என்று கேட்கப் பழகவில்லை, அவ்வளவே.

சிறந்த பல்கலைக்கழக மாணவருக்கும் இக்குறை உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 10 வரலாற்றாசிரியர்கள், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோர் இணையதளங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தனர். மாணவர்களும் வரலாற்றாசிரியர் பலரும் தளத்தின் அழகான தோற்றத்தில் ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்களோ அந்தத் தளத்திலேயே தங்கிவிடாமல், அதை நடத்துபவர் யார், பிறர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள்.

ஆயத்த விடைகளின் ஆபத்து

இன்று கேள்வியைத் தட்டினால், செயற்கை நுண்ணறிவுச் செயலி முழுக் கட்டுரையையே எழுதித் தருகிறது. அது இல்லாத நூலையும் இருப்பதுபோல் சொல்லக்கூடும். 2023இல் நியூயார்க் நகரில் வழக்கறிஞர்கள் சிலர், சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் சமர்ப்பித்தனர். அவற்றுள் ஆறு, உலகில் எங்குமே வழங்கப்படாத தீர்ப்புகள். 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞர்களுக்கே இந்த நிலை என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எம்மாத்திரம்?

பிறர் எழுத்தை அப்படியே எடுத்து எழுதுவதும் பெரிய இழப்பைத் தரும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்து இருந்தால் மாணவரின் பதிவே இரத்தாகும். மேற்கோள் காட்டும் முறையைக் கற்றுத் தராமல், பின்னர் தண்டிப்பது மட்டும் நியாயமாகுமா?

படிப்பில் வெற்றிக்கு இத்திறன் உதவுமா என்றால், உதவும் என்றே அனுபவம் காட்டுகிறது. அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்கள் பங்கேற்று 2016இல் நிறைவுற்ற திட்டம் ஒன்றில், தொடக்கப் பாடங்களிலேயே நூலகப் பயிற்சி பெற்ற மாணவர் பயனடைந்தது தெரியவந்தது. இயல்பிலேயே ஆர்வமுள்ளவர்கள்தான் நூலகத்தை நாடுகிறார்கள் என்றும் சிலர் வாதிடலாம். அப்படியானால், நாடாதவரை அழைத்துச் செல்வது இன்னும் அவசரமான பணியாகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. தேடும் முன், தனக்கு என்ன தெரியவேண்டும் என்பதை மாணவர் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளட்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

2. எழுதியவர் யார், எந்த ஆண்டு, எதை ஆதாரமாகக் கொண்டு எழுதினார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். முக்கியமான செய்தியை இரண்டாவது இடத்திலும் சரிபார்க்கட்டும்.

3. குறிப்பெடுக்கும்போதே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதிக்கொள்ளட்டும். கடைசி இரவில் தேடினால் கிடைக்காது.

4. பணமின்றிக் கிடைக்கும் வாசல்களை அறிந்துகொள்ளட்டும். ஆய்வேடுகளுக்குச் 'சோத்கங்கா' தளம் உண்டு. இந்திய தேசிய மின்னூலகமும், தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. நேரில் செல்ல எழும்பூரில் கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2025இல் செயல்படத் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவருக்குத் திறந்துவிட்டிருக்கிறது.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் வாரத்தில் நூலகத்தைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தேடல் பயிற்சியை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து நடத்தலாமே!

பெற்றோரே, நீங்கள் கல்லூரிப் படி ஏறாதவர்களாக இருக்கலாம். ஆனாலும் சந்தையில் ஒரு பொருளை வாங்கும்போது, எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, நம்பலாமா என்று கேட்டுத்தானே வாங்குகிறீர்கள்? அதே கேள்விகளை உங்கள் பிள்ளையிடமும் கேளுங்கள். "எத்தனை மார்க்?" என்பதோடு, "இதை எங்கே பார்த்தாய்? யார் சொன்னது?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியோடு வளரும் பிள்ளை, தேர்வறையைத் தாண்டியும் எளிதில் ஏமாறாது.