செங்காந்தள் விதையும் இதயத்தின் கனலும்

திருப்பூர் என்றதும் பனியன்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம் பக்கம் சென்றால், நெருப்புப் போல் பூத்துப் படர்ந்திருக்கும் கண்வலிக்கிழங்குக் கொடிகளைக் காணலாம். நம் மாநில மலரான செங்காந்தள் இதுவே. விவசாயிகள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து இதை வளர்ப்பது விதைக்காக. விதையில் உள்ள கோல்ச்சிசின் ஒரு நஞ்சு. அளவோடு தந்தால் மருந்து. இதற்கும் இதயத்துக்கும் என்ன உறவு?

இதயத் தமனியில் அடைப்பு உள்ள இருவர் மருந்து சாப்பிட்டு, நெஞ்சுவலி இன்றி வேலைக்குப் போய் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனை நிலைப்பட்ட இதயநோய் என்பர். இருவரில் யாருக்கு அபாயம் அதிகம்? முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. இரத்தம் ஓரளவு சொல்லும்.

அழற்சி ஏற்பட்டால் ஈரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தைச் சுரக்கிறது. 1930-இல் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் இதனைக் கண்டறிந்தனர். தமனிச் சுவரில் படியும் திட்டு வெறும் கொழுப்பன்று; வெள்ளணுக்கள் புகுந்து கனன்றுகொண்டிருக்கும் புண். ஆகவே நுட்பமான சோதனையில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் அபாயம் குறைவு. 3-க்கு மேலென்றால் அதிகம். ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடும் 31,245 பேரைப் பற்றி 2023-இல் வெளியான ஆய்வில், இதயநோயால் நேரும் இறப்பை முன்னறிவிப்பதில் கெட்ட கொழுப்பின் அளவைவிட சி.ஆர்.பி.யே வலுவாக நின்றது.

இயற்பியல் ஆசிரியனுக்கு இங்கே ஓர் ஐயம் எழும். வெப்பமானி காய்ச்சலைக் காட்டும், காரணத்தைக் காட்டுமா? சளி பிடித்தாலும், பல் ஈறு வீங்கினாலும் சி.ஆர்.பி. ஏறும். 10-ஐத் தாண்டினால் வேறு நோய்த்தொற்று உண்டா என்று பார்த்து, சில வாரம் கழித்து மீண்டும் அளப்பார்கள்.

கனலைத் தணித்தால் அபாயம் குறையுமா? வெள்ளணுவுக்குள் டியூபுலின் என்ற புரதம் கோத்துக் கோத்து நுண்குழல்களாகிறது. அவையின்றி அணு சரிவர இயங்காது. கோல்ச்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு கோக்கவிடாமல் தடுக்கிறது. நூல் வராவிட்டால் நிட்டிங் மெஷின் நிற்பது போலத்தான். 2020-இல் வெளியான ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நிலைப்பட்ட இதயநோயாளர் 5,522 பேரில் ஒரு பாதியினர் தினம் 0.5 மில்லிகிராம் கோல்ச்சிசின் உட்கொண்டனர். மாரடைப்பு, பக்கவாதம் முதலியன மற்றவர்களில் 9.6 சதவீதம் பேருக்கு நேர்ந்தன, இவர்களில் 6.8 சதவீதத்துக்கே.

ஆனால் 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மாரடைப்பு வந்து சிகிச்சை பெற்ற 7,062 பேரைப் பற்றியது. அவர்களிடம் சி.ஆர்.பி. இறங்கியது, மாரடைப்போ இறப்போ குறையவில்லை! முள் இறங்கியதால் நோயும் இறங்கிவிட்டதென்று கொள்ளலாகாது.

தோட்டத்து விதையையோ கிழங்கையோ அரைத்து உண்ணும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். அதில் நஞ்சு எவ்வளவு என்று கண்ணால் அளக்க முடியாது. உண்டு இறந்தவர்கள் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மாத்திரைகூட மருத்துவர் கணக்கிட்டே தர வேண்டியது.