பழைய தானியக் குதிர்களை வாங்கும் முறை

அறுவடை செய்த தானியத்தை அடுத்த அறுவடை வரையில் கேடின்றிக் காத்து வைப்பது சிறு விவசாயியின் தலையாய கவலைகளுள் ஒன்றாகும். வங்காளத்தில் ‘கோலா’ எனப்படும் நெற்கூடுகளும், தமிழ்நாட்டில் மண் குதிரும் மரப் பத்தாயமும் இதற்கெனத் தொன்றுதொட்டு வழங்கி வந்துள்ளன. இவற்றில் எலியும் வண்டும் எளிதில் புகுவதைக் கண்டே உலோகக் குதிர்கள் வகுக்கப்பட்டன. 1958-ல் உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூரில் தொடங்கப்பெற்ற தானியச் சேமிப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பணியும், 1960-களில் எழுந்த தானியப் பாதுகாப்பு இயக்கமும் இவ்வகைக் குதிர்கள் கிராமங்களில் பரவத் துணை புரிந்தன. இவை குறைந்த விலைக்குக் கைமாறுவதும் உண்டு. ஆராயாமல் வாங்கினால் குடும்பத்தின் உணவும் விதையும் ஒருங்கே பாழாகக்கூடும்.

முதலில், குதிரில் முன்பு என்ன இருந்தது என்று விசாரித்தல் வேண்டும். பூச்சிமருந்து இருந்த கலத்தை எவ்விலைக்கும் வாங்கலாகாது. எத்தனை முறை கழுவினாலும் தகட்டின் மடிப்புகளில் நஞ்சு தங்கிவிடும்.

இரண்டாவது, துளைகளைச் சோதித்தல். இருட்டிய பின் குதிரினுள் டார்ச் விளக்கை எரியவிட்டு மூடியை இறுக மூடினால், துளையுள்ள இடத்தில் ஒளி கசியும். காற்றுப் புகாத குதிரில் தானியமும் பூச்சியும் சுவாசிப்பதால் பிராண வாயு குறைந்து, கரியமில வாயு பெருகும். பூச்சிகளின் பெருக்கம் தடைப்படும். துளையிருப்பின் இப்பயன் கிட்டாது, ஈரமும் உட்புகும். அடித்தகட்டைத் தட்டிப் பார்த்து, துருவேறி நைந்திருப்பின் விட்டுவிடுவதே நலம்.

மூன்றாவது, தூய்மை. அரிசிக் கூன்வண்டு தானிய மணியைத் துளைத்து அதனுள்ளே முட்டையிடும். ஏற்ற வெப்பநிலையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முழு வண்டு வெளிப்படும். ஆகவே மடிப்புகளில் ஒட்டிய பழைய மணிகள் சிலவே புதிய தானியம் அனைத்துக்கும் கேடு விளைக்கும். அவற்றைச் சுரண்டி எடுத்து எரித்து, குதிரைக் கடும் வெயிலில் நன்கு காய வைத்தல் வேண்டும்.

கொள்ளளவையும் அளந்தறிதல் நன்று. ஒரு மீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள உருளைக் குதிரின் கன அளவு சுமார் 1.18 கன மீட்டர். அதில் ஏறத்தாழ 650 கிலோ நெல் கொள்ளும். பள்ளி மாணவர்களுக்கு இது நல்லதொரு கணக்குப் பயிற்சியுமாகும்.

எனினும், ஈர நெல்லை எக்குதிரும் காப்பாற்றாது. ஈரம் 12 சதவிகித அளவுக்குக் குறையும் வரை உலர்த்திய நெல்லையே நிரப்புதல் வேண்டும். இல்லையேல் மூடிய குதிரினுள் பூஞ்சணம் பற்றும். வெயில் படும் தகட்டின் உட்புறத்தில் இரவுக் குளிரால் நீர் கோத்துக்கொள்ளும். ஆதலால் குதிரை நிழலில், சுவரை ஒட்டாமல், செங்கல் மேடையிலோ மரப்பலகையிலோ நிறுத்துதல் வேண்டும். புகையூட்டும் நச்சு மாத்திரைகளைப் பயிற்சி பெற்றோரே கையாளுதல் வேண்டும். குடியிருக்கும் வீட்டில் அவற்றைப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதைக் களப் பணியாளர்கள் தவறாது எடுத்துரைக்க வேண்டும்.