ஒரு பேரேடு, இரண்டு ஜன்னல்: பழைய டாஸ் கணக்கைப் பத்திரமாகப் பகிர்ந்து கொள்வது எப்படி?



பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995ஆம் ஆண்டில். அரியலூர் நிலையாகத் தனி மாவட்டமானது 2007ஆம் ஆண்டில். இந்த இடைப்பட்ட காலத்தில்தான் நம் பகுதியின் மளிகைக் கடைகளுக்கும் மொத்த வியாபார நிலையங்களுக்கும் கணினி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அன்று வந்தவை கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் தெரியும் டாஸ் புரோகிராம்கள். டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் ஆகியவற்றில் எழுதப்பட்டவை.

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்ததும் பில் போடும் வேலை புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டது. ஆயினும் வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி கொள்முதல் சிட்டை, முந்திரி மூட்டை இருப்பு, வாடிக்கையாளர்களின் பழைய பாக்கி ஆகியவற்றை இன்னும் அந்தப் பழைய புரோகிராமிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. கணக்குப்பிள்ளையின் விரல்கள் அதற்குப் பழகிவிட்டன. இதில் தவறேதுமில்லை. ஆனால் ஒரே கணக்கை இரண்டு ஜன்னலில் திறந்து வைத்து இருவர் வேலை செய்யும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமுலேட்டர் ஏன் வந்தது?

விண்டோஸின் 32 பிட் பதிப்புகளில் டாஸ் புரோகிராமை ஓட்டும் வசதி உள்ளேயே இருந்தது. 64 பிட் பதிப்புகளில் அது கிடையாது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எனவே புதுக் கணினி வாங்குபவர்கள் பழைய புரோகிராமை ஓட்ட எமுலேட்டர் என்ற மென்பொருளை நாட வேண்டியிருக்கிறது. புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போல நடிப்பதுதான் அதன் வேலை. டாஸ்பாக்ஸ், டாஸ்பாக்ஸ் எக்ஸ், வீடாஸ் என்பவை இந்த வகையைச் சேர்ந்தவை.

இதில் ஒரு வசதி உண்டு. ஒரே கணினியில் இரண்டு மூன்று ஜன்னல்களைத் திறக்கலாம். ஒன்றில் வரவு எழுதிக்கொண்டே இன்னொன்றில் பாக்கி பார்க்கலாம். ஆபத்தும் இந்த வசதியோடு சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு ஜன்னலும் தன்னைத் தனிக் கணினியாகவே நினைத்துக் கொள்கிறது. பக்கத்தில் இன்னொருவர் அதே பேரேட்டில் எழுதுகிறார் என்பது அதற்குத் தெரியாது.

இருப்பு எப்படித் தவறுகிறது?

குடோனில் துவரம்பருப்பு 50 மூட்டை இருக்கிறது. முதல் ஜன்னல் 50 என்று படித்து, 20 மூட்டை விற்பனை போட்டு, 30 என்று எழுதுகிறது. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது ஜன்னலும் 50 என்று படித்துவிட்டது. அது 10 மூட்டை கழித்து 40 என்று எழுதுகிறது. கடைசியாக எழுதியதுதான் நிற்கும். குடோனில் இருப்பது 20 மூட்டை, திரை காட்டுவது 40.

புதிய பதிவு சேர்க்கும்போது விளைவு இன்னும் மோசம். டிபேஸ், ஃபாக்ஸ்புரோ ஃபைல்களின் முகப்பிலேயே மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். 1,200 பதிவுகள் இருக்கும்போது இரண்டு ஜன்னல்களும் ஒரே நேரத்தில் 1,201ஆவது பதிவை எழுதினால், ஒன்றின் மேல் மற்றொன்று ஏறிவிடும். ஒரு வாடிக்கையாளர் கட்டிய தொகை இருந்த இடமே தெரியாமல் போய்விடும். அவர் கையில் ரசீது இருக்கும், நம் கணக்கில் வரவு இருக்காது. அதன்பின் கேள்விக்குள்ளாவது கணினி அல்ல, நம் நாணயம்.

மேலும், பெயர் வாரியாகத் தேடித் தரும் இண்டெக்ஸ் தனி ஃபைலாக இருக்கிறது. கணக்கு ஃபைலும் இண்டெக்ஸும் ஒத்துப் போகாவிட்டால், இருக்கும் வாடிக்கையாளரையே "இல்லை" என்று சொல்லும்.

வாயிற்காவலர்

இது புதிய பிரச்சினை அல்ல. 1984இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் 3.0 பதிப்பிலேயே ஷேர் என்ற துணைப் புரோகிராம் சேர்க்கப்பட்டது. அதை ஒரு வாயிற்காவலர் என்று வைத்துக் கொள்ளலாம். ஒருவர் ஒரு பதிவைத் திருத்தும்போது அதைப் பூட்டி வைத்து, அடுத்தவரைக் காத்திருக்கச் சொல்லும். ஃபாக்ஸ்புரோவில் எழுதியவர்கள் இந்தப் பூட்டைக் கேட்டு வாங்கும் கட்டளைகளைத் தங்கள் புரோகிராமில் சேர்த்தார்கள்.

ஆக, பூட்டு வேலை செய்ய இரண்டு தேவை. புரோகிராம் பூட்டைக் கேட்க வேண்டும், கேட்டதைத் தருவதற்கு ஒருவர் இருக்க வேண்டும். பலர் சேர்ந்து வேலை செய்வதற்கென்று எழுதப்படாத புரோகிராமை எந்த எமுலேட்டரும் அப்படி மாற்றித் தர முடியாது. அத்தகைய புரோகிராம் ஃபைலைத் தனக்கே என்று திறந்து, இரண்டாவது ஜன்னலை உள்ளே விட மறுத்தால் எரிச்சல் வேண்டாம். அதுதான் நம் கணக்கைக் காப்பாற்றுகிறது.

எந்த எமுலேட்டர்?

சாதாரண டாஸ்பாக்ஸ் பழைய விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. பதிவுப் பூட்டு விஷயத்தில் அதை நம்பி இரண்டு ஜன்னல்களில் கணக்கு எழுதக்கூடாது. போல்டரில் உள்ள ஃபைல்களின் பட்டியலை அது நினைவில் வைத்துக் கொள்வதால், ஒரு ஜன்னல் புதிதாக உண்டாக்கிய ஃபைல் மற்றதில் தெரியாமல் போவதும் உண்டு. கண்ட்ரோல் விசையுடன் எஃப்4 அழுத்தினால் பட்டியல் புதுப்பிக்கப்படும்.

வீடாஸ் அலுவலக, வணிகப் புரோகிராம்களுக்கென்றே எழுதப்பட்டது. பதிவுப் பூட்டும் அதில் உண்டு.

டாஸ்பாக்ஸ் எக்ஸில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அதன் அமைப்பு ஃபைலில், டாஸ் என்ற பகுதியில், ஷேர் என்று ஒரு வரி இருக்கிறது. அது காவலர் இருப்பதாகப் புரோகிராமிடம் சொல்லுமே தவிர, காவலரை நிறுத்தாது. பூட்டுக்கு உரியது 'ஃபைல் ஆக்சஸ் ட்ரைஸ்' என்ற வரி. விண்டோஸில் ஃபாக்ஸ்புரோ, டிபேஸ் கணக்குகளைப் பகிர்ந்து கொள்பவர்கள் அதில் 3 என்று போடும்படி அந்த மென்பொருளைச் செய்தவர்களே பரிந்துரைக்கிறார்கள். அப்போது பூட்டும் வேலை நேரே விண்டோஸுக்குப் போய்ச் சேரும். எல்லா ஜன்னல்களிலும் இதே அமைப்பு இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் முறை

உண்மைக் கணக்கில் சோதிக்கக்கூடாது. முழு போல்டரையும் பிரதி எடுத்து, பிரதியில்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது சோதனை: ஒரு ஜன்னலில் ஒரு வாடிக்கையாளரின் பதிவைத் திருத்தத் திறந்து, சேமிக்காமல் விட்டுவிடுங்கள். மற்ற ஜன்னலில் அதே பதிவைத் திருத்த முயலுங்கள். "வேறொருவர் பயன்படுத்துகிறார்" என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தாலோ, காத்திருந்தாலோ நல்லது. இரண்டிலும் தாராளமாகத் திருத்தவிட்டால், அந்த அமைப்பில் இருவர் எழுதவே கூடாது.

இரண்டாவது சோதனை: இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஆளுக்குப் பத்து வரவுகள் போடுங்கள். இரண்டு ஜன்னல்களையும் மூடித் திறந்து எண்ணுங்கள். 20 இருக்க வேண்டும். ஒருமுறை சரியாக வந்தால் போதாது, நாலைந்து முறை செய்து பாருங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பழைய டிஸ்க்கை ஒரே இமேஜ் ஃபைலாக வைத்திருப்பவர்கள் அதை ஒருபோதும் இரண்டு ஜன்னல்களில் இணைக்கக்கூடாது. எந்த ஃபைல் எங்கே என்று குறித்திருக்கும் அட்டவணையை இரண்டும் தனித்தனியே எழுதி, முழு டிஸ்க்கையும் கெடுத்துவிடும். கணக்கு சாதாரண போல்டரில்தான் இருக்க வேண்டும்.

2. புரோகிராம் ஓடும்போது உண்டாகும் தற்காலிக ஃபைல்களுக்கு ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி போல்டர் கொடுங்கள். ஃபாக்ஸ்புரோவில் இதற்கென அமைப்பு ஃபைல் இருக்கிறது.

3. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற சேவைகள் தாமே பிரதி எடுக்கும் போல்டரில் ஓடும் கணக்கை வைக்காதீர்கள். கடை மூடியபின் எடுத்த பிரதியை அங்கே வைப்பதில் தடையில்லை.

4. பிரதி எடுக்குமுன் எல்லா ஜன்னல்களிலும் புரோகிராமை முறையாக முடித்து வெளியே வாருங்கள். ஜன்னலின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவது, எழுதும்போதே நோட்டைப் பிடுங்குவதற்குச் சமம்.

5. மின்சாரம் போகும் ஊரில் யு.பி.எஸ். அவசியம். திடீரென்று நின்றுபோனால், மறுபடி எழுதுவதற்கு முன் பிரதி எடுத்துவிட்டு இண்டெக்ஸைப் புதிதாக உண்டாக்குங்கள்.

சிறு கடைக்கு எளிய வழி

பெரும்பாலான மளிகைக் கடைகளுக்கு இவ்வளவு சிரமமே தேவையில்லை. ஒரு ஜன்னல் மட்டும் எழுதட்டும். இரவு கடை மூடும்போது கணக்கு போல்டரை வேறு பெயரில் பிரதி எடுங்கள். மறுநாள் இரண்டாவது ஜன்னல் அந்தப் பிரதியை மட்டும் திறந்து பார்க்கட்டும். நேற்றிரவு வரை உள்ள பாக்கி அதில் தெரியும். இன்றைய வரவுக்கு முதல் ஜன்னலைக் கேட்டால் போதும். பூட்டு வேலை செய்கிறதா என்ற கவலையே இதில் எழுவதில்லை. தினம் ஒரு பிரதியும் தானாகச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு, விசாரணை நிலுவையில் இருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க நேரலாம். கொள்முதல் சிட்டையும் இருப்புக் கணக்கும் பழைய புரோகிராமில் இருக்கிறதென்றால், அவற்றைக் காப்பதும் நம் பொறுப்பே.

நம் பெரியவர்கள் காலத்தில் பேரேடு ஒன்றுதான், அதில் எழுதும் கையும் ஒன்றுதான். மற்றவர்கள் சிட்டையில் குறித்துக் கொடுப்பார்கள். அந்த ஒழுங்கு கணினிக்கும் பொருந்தும். இருவர் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் பூட்டைச் சோதியுங்கள். பூட்டு இல்லையென்றால் ஒரு கை மட்டும் எழுதட்டும்.