பக்கவாதம் வந்தவர் மீண்டும் நடப்பது எப்படி?



போன தை மாசம் எங்க அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. இதை நம்ம ஊர்ல 'கை கால் விழுந்துருச்சு'ன்னு சொல்வாங்க. ஆனால் நோய் இருப்பது மூளையில். மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. மூளையின் இடப்பக்கம் பாதித்தால் உடம்பின் வலப்பக்கம் தளர்ந்துவிடும். அப்பத்தாவுக்கு வலப்பக்கம்தான் தளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் உட்கார வைத்தால்கூட ஒரு பக்கமா சாய்ஞ்சாங்க. ஏன் தெரியுமா? நாம் விழாமல் நிற்கக் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை அதைச் சேர்த்துப் பார்த்துத் தசைகளுக்குக் கட்டளை இடுகிறது. சுவர் ஓரமா ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். உடனே ஆடுவீங்க! கண் ஒன்று இல்லாததற்கே இப்படி என்றால் அப்பத்தா பாடு எப்படி இருக்கும்?

நான் பாசத்துல எல்லாத்தையும் நானே செஞ்சேன். சோறு ஊட்டினேன், தலை சீவினேன். ஒருநாள் வலது கையைப் பிடிச்சு இழுத்து எழுப்பினேன். அப்பத்தா வலி தாங்காம கத்திட்டாங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021இல் தொடங்கியது) வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அக்கா என்னைக் கண்டிச்சாங்க. தளர்ந்த கையை இழுத்தால் தோள்மூட்டு விலகிவிடுமாம்.

"பாப்பா, எல்லாத்தையும் நீ செஞ்சா அவங்க மூளை எப்பக் கத்துக்கும்?" என்று கேட்டாங்க. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் மூளையின் நல்ல பகுதி அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளுமாம்.

அக்கா சொல்லித் தந்தவை:

1. எழும்போது இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, முன்னால் குனிந்து எழ வேண்டும்.
2. கைத்தடியை நல்ல கையில் பிடிக்க வேண்டும்.
3. படி ஏற நல்ல கால் முதலில். இறங்கத் தளர்ந்த கால் முதலில். அப்போதுதான் பாரத்தை நல்ல கால் தாங்கும்.
4. ஜாக்கெட் போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில்.
5. ஈரத் தரை, சுருண்ட பாய், இருட்டு ஆகியவை கூடாது.

அப்பத்தா, "இடது கையால சோறு திங்க மாட்டேன்"னு அழுதாங்க. அம்மா கரண்டிக் காம்பில் துணி சுற்றி வலது கையில் கொடுத்தாங்க. பாதி சோறு கீழே சிந்தியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்போது கொஞ்சம்தான் சிந்துகிறது.

அப்பத்தாவுக்கு ஒரே ஆசை, கக்கூசுக்குத் தானாகப் போகணும் என்பது. போன வாரம் தடி ஊன்றிப் போனாங்க. நான் வலப்பக்கம் ஒட்டி நடந்தேன், ஆனா தொடவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது! திரும்பி வந்து, "நானே போயிட்டு வந்துட்டேன்டி"ன்னு சிரிச்சாங்க.

நண்பர்களே, யாருக்காவது வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரை ஏறும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்தில் நில்லுங்கள். ஆனால் அவங்க வேலையை அவங்களே செய்யட்டும்.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி