வீட்டுப் பூனைக்கு ஆகாத கனிச் செடிகள்

 

நம் மஹல்லாவில் பூனை வந்து போகாத வீடு குறைவு. பூனை நம்மைச் சுற்றி வரும் பிராணி, அது அசுத்தமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. வீட்டில் இடம் கொடுத்த பூனை நம்மிடம் உள்ள அமானிதம். சோறு வைப்பதோடு அந்தப் பொறுப்பு முடிவதில்லை. வாசலிலும் மாடியிலும் நாம் வளர்க்கும் செடிகளும் அதில் சேரும்.

பூனை பழம் தேடித் தின்னும் பிராணி அல்ல. இனிப்புச் சுவையே அதன் நாவுக்குத் தெரியாது. அதனால்தான் செடிகளால் அதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஆனால் ஆபத்து வேறு வழியில் வருகிறது. பூனை நாள்தோறும் பல முறை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். இலைச்சாறு, தோலின் எண்ணெய், விதைப்பொடி என்று ரோமத்திலோ பாதத்திலோ எது ஒட்டினாலும் அது வயிற்றுக்குள் போய்விடும். நம் கல்லீரல் எளிதில் முறித்து வெளியேற்றும் சில பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும் இதுதான் காரணம்.

இனி, நம் வீடுகளில் அதிகம் காணும் செடிகளைப் பார்ப்போம்.

எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு: இவற்றின் இலையிலும் தோலிலும் உள்ள எண்ணெய் பூனைக்கு ஆகாது. எச்சில் வடிதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் ஏற்படலாம். பூனை தொட்டியில் அசுத்தம் செய்யாமலிருக்கச் சிலர் எலுமிச்சைத் தோலைப் பரப்புகிறார்கள், சாற்றைத் தெளிக்கிறார்கள். அதைத் தவிருங்கள். தொட்டி மண்ணின்மேல் கூழாங்கற்களை அடுக்கினாலே பூனை தோண்டாது. எலுமிச்சை வாசனைத் திரவமோ ஃபினாயிலோ ஊற்றித் துடைத்த தரை நன்றாகக் காயும்வரை பூனையை அங்கே விடாதீர்கள்.

தக்காளி: பழுத்த பழத்தால் பெரிய கெடுதல் இல்லை. இலை, தண்டு, பச்சைக் காய் ஆகியவற்றில்தான் நஞ்சு உண்டு. செடியைச் சுற்றிக் கம்பி வலை கட்டிவிட்டால் போதும்.

திராட்சை: திராட்சையும் கிஸ்மிஸும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது உறுதியானது. பூனைக்கும் கொடுக்க வேண்டாம் என்றே கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெருநாள் அன்று மிஞ்சிய பாயசத்தையும் பிர்னியையும் பூனைத் தட்டில் ஊற்றும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

சீத்தாப்பழம்: சதையைவிட விதையில் கவனம் தேவை. தலைப் பேனுக்கு இந்த விதையை அரைத்துப் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதே பொடியைத் தெள்ளுப்பூச்சிக்காகப் பூனைமேல் தூவக் கூடாது. கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், நக்கினால் உள்ளே போகும்.

மஞ்சள் அரளி: வேலியோரம் மணி போன்ற மஞ்சள் பூவும் பச்சைக் காயுமாக நிற்கும். செடி முழுவதும் நஞ்சு; அது இதயத்தைத் தாக்கும். செவ்வரளியும் அப்படியே. குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் இது ஆகாது என்பதால் அகற்றிவிடுவதே நலம்.

சைகஸ்: குட்டைப் பனை போல் இருப்பதால் அழகுக்காக நர்சரியில் வாங்கி வைக்கிறோம். இதன் எல்லாப் பாகமும் கல்லீரலைக் கெடுக்கும், விதை மிகக் கொடியது.

பூனைக்குப் பச்சை மெல்லும் ஆசை இயல்பானது. ஒரு தட்டில் கோதுமையை முளைக்கவிட்டு வைத்தால் மற்றச் செடிகளின் பக்கம் அது அதிகம் போகாது.

பூனை மூலையில் ஒளிந்துகொள்வது, தொடர்ந்து வாந்தி எடுப்பது, எச்சில் வடிப்பது, தள்ளாடுவது, ஒரு நாள் முழுக்க உண்ணாமலிருப்பது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், எண்ணெய், நமக்குத் தெரிந்த மாத்திரை எதையும் புகட்டாதீர்கள். உடம்பில் சாறோ எண்ணெயோ பட்டிருந்தால், அது நக்குவதற்குள் வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவித் துடையுங்கள். கடித்த செடியின் ஒரு கிளையை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்தச் செடி, எத்தனை மணிக்கு என்று சொன்னால் மருத்துவரின் வேலை பாதி எளிதாகும். சென்னையில் உள்ளவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தனக்கு எங்கே வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்ல முடியாத ஜீவன் அது. இந்த வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து, எந்தெந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாருங்கள். பூனை அடுத்த வீட்டு மாடிக்கும் போய்வரும் என்பதால் அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். உயிர்கள் மீது இரக்கம் காட்டுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.