பிரசவ வார்டில் எடுக்கும் முடிவா இது?

தமிழ்நாட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ஆபரேஷன் செய்துவிடுவது எழுதாத சட்டம்போல ஆகிவிட்டது. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இந்திய அளவில் இது 38 சதவீதம். ஆண்கள் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சையோ நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை.

அந்த ஆபரேஷனைக் குறை சொல்ல வரவில்லை. இனி பிள்ளை வேண்டாம் என்று தெளிவாக இருக்கும் பெண்ணுக்கு அது நல்ல வழிதான். முடிவு எடுக்கப்படும் நேரமும் விதமும்தான் என் கவலை. வலியோடு படுத்திருக்கும்போது, அம்மாவும் மாமியாரும் நர்ஸும் சுற்றி நின்று பேச, ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்படுகிறது. வேறு என்னென்ன வழிகள் இருந்தன, எது எப்படி வேலை செய்யும், எதில் என்ன சிக்கல் என்று அதற்கு முன் யாராவது அவரோடு உட்கார்ந்து பேசியிருப்பார்களா? பெரும்பாலும் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழும் 100 பெண்களில் சுமார் 85 பேர் கருவுறுவார்கள். ஆணுறையை நம்பியிருந்தால் 13 பேர், தினசரி மாத்திரை என்றால் 7 பேர், மூன்று மாத ஊசி என்றால் 4 பேர். கருப்பையில் காப்பர் டி வைத்துக்கொண்டாலோ ஆபரேஷன் செய்துகொண்டாலோ ஒருவருக்கும் குறைவு. இவை மனிதர்கள் நிஜத்தில் பயன்படுத்தும் விதத்தை வைத்துச் சொல்லப்படும் எண்கள். மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டால் அதுவும் ஒருவருக்குக் கீழே வந்துவிடும். மறதிதான் அதை ஏழாக்குகிறது. உடலுறவின்போது கடைசி நேரத்தில் விலகிக்கொள்வதை நம்புகிறவர்களில் 20 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. மாதவிலக்கு நாளை எண்ணி ‘பாதுகாப்பான நாள்’ பார்ப்பவர்களின் நிலையும் இதைவிடப் பெரிதாக மேல் இல்லை.

மாலா போன்ற தினசரி மாத்திரைகளில் இருக்கும் ஹார்மோன்கள் சினைமுட்டை வெளியேறாமல் தடுக்கின்றன. கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவையும் மறிக்கின்றன. நிறுத்தினால் கருவுறும் திறன் திரும்பிவிடும். ஆனால் இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி அடைத்த வரலாறு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டியதுபோலத் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகை பிடிப்பவர்கள், பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். இன்னொன்றைப் பலர் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை: காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்குத் தரும் சில மருந்துகளும் இந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். காசநோய் சிகிச்சையில் இருக்கும் பெண் மாத்திரையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்கு ‘சாயா’ மாத்திரை இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து இது. 1990களில் ‘சஹேலி’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. தொடக்கத்தில் மாதவிலக்கு தள்ளிப்போகலாம். ‘அந்தாரா’ என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. தினமும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் முதல் சில மாதங்கள் ரத்தப்போக்கு ஒழுங்கில்லாமல் இருக்கும், பிறகு மாதவிலக்கே நின்றுபோகலாம். அது ஆபத்தில்லை என்று முன்பே சொல்லிவிட்டால் பெண் பயப்படமாட்டார். சொல்லாததால்தான் பலர் ஒரே ஊசியோடு விட்டுவிடுகிறார்கள். நிறுத்திய பிறகு கருவுற ஓராண்டு வரைகூட ஆகலாம் என்பதால், அடுத்த ஆண்டே பிள்ளை வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது.

காப்பர் டி-யில் உள்ள செம்பு, விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. வகையைப் பொறுத்து 5 ஆண்டோ 10 ஆண்டோ வேலை செய்யும். எடுத்துவிட்டால் அடுத்த மாதமே கருவுறலாம். அது நெஞ்சுக்கு ஏறிவிடும், புற்றுநோய் வரும் என்று ஊரில் பேசுவதில் உண்மை இல்லை. மாதவிலக்கின்போது ரத்தப்போக்கும் வலியும் கூடும் என்பது உண்மை. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பிரசவமான 48 மணி நேரத்துக்குள், அல்லது சிசேரியன் செய்யும்போதே, இதை வைத்துவிடும் வழக்கம் அரசு மருத்துவமனைகளில் பரவலாக இருக்கிறது. முறையாகக் கேட்டு வைத்தால் நல்ல ஏற்பாடு. கேட்காமலே வைத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லும் பெண்களும் இங்கே இருக்கிறார்கள். அப்படிச் செய்வது தவறு. விருப்பமில்லை என்றால் எந்த நாளிலும் எந்த அரசு மருத்துவமனையிலும் அதை எடுக்கச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

இவை எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது. அதைத் தடுப்பது ஆணுறை மட்டுமே.

ஆணுறை கிழிந்துவிட்டது, மாத்திரை மறந்துவிட்டது, அல்லது பலவந்தம் நடந்துவிட்டது என்றால் அவசரக் கருத்தடை மாத்திரை உண்டு. 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம், சாப்பிட வேண்டும். இது சினைமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது. தங்கிவிட்ட கருவை இது கலைக்காது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு 2005இல் அனுமதித்தது. ஆனாலும் தமிழ்நாட்டின் பல மருந்துக் கடைகளில் பல ஆண்டுகளாக அது கிடைப்பதில்லை. கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பதுதான் கிடைக்கிறது. சட்டத்தில் இல்லாத தடையை இங்கே கூச்சமும் பயமும் நடத்திக்கொண்டிருக்கின்றன. மணி கணக்கில் ஓடும் நேரத்தில் ஒரு பெண்ணைக் கடை கடையாக அலையவிடுவது கொடுமை. கடையில் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஐந்து நாட்களுக்குள் காப்பர் டி வைத்துக்கொண்டால் அது மாத்திரையைவிட உறுதியாகக் காக்கும்.

இனி ஆபரேஷன். பெண்ணுக்குச் செய்வதில் வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ கருக்குழாயை அடைக்கிறார்கள். ஆணுக்குச் செய்யும் நவீன வாசெக்டமியில் கத்தி இல்லை, தையல் இல்லை. விதைப்பையில் சிறு துளை, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஓர் ஊசி, இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்குப் போகலாம். அபாயமும் குறைவு, தோல்வியும் குறைவு. விந்தணு மட்டும்தான் வராது. ஆண்மையும் உடல் வலுவும் உடலுறவும் முன்பு இருந்தபடியே இருக்கும். ஒரே நிபந்தனை, முதல் மூன்று மாதம் ஆணுறை போட்டுக்கொண்டு, பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

இவ்வளவு எளிதாக இருந்தும் ஆண்கள் ஏன் வருவதில்லை? எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950களின் இறுதியிலேயே அன்றைய சென்னை மாநிலம் வாசெக்டமிக்குப் பணம் கொடுத்து ஊக்குவித்தது. 1960களில் இந்தியாவில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. ஆண்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போய்ச் செய்ததும் உண்டு. அந்த ஆத்திரத்துக்குப் பயந்த அரசுகள் அடுத்து பெண்கள் பக்கம் திரும்பின. பெண்கள் எதிர்க்கவில்லை, அதனால் சுமை அங்கேயே தங்கிவிட்டது. அப்பா ஆன பிறகு இருபது நிமிடம் ஒதுக்க முடியாத ஆண், இரண்டு முறை பிரசவ வலி கண்ட மனைவியின் வயிற்றில் ஒரு தழும்பையும் கேட்பது நியாயமில்லை.

யாருக்குச் செய்தாலும் இதை நிரந்தரம் என்று எண்ணியே முடிவெடுக்க வேண்டும். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். குழாயை மறுபடி இணைக்கும் சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. ஆனால் அப்படிச் செய்துகொண்ட எல்லோருக்கும் கரு உண்டாகிவிடவில்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்ணிடம் பத்து ஆண்டுக்குக் காப்பர் டி இருக்கிறது என்றாவது சொல்ல வேண்டாமா?

சட்டம் இங்கே பெண்ணின் பக்கம் இருக்கிறது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறுவை சிகிச்சைக்கு வற்புறுத்தியோ மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதோ சம்மதம் வாங்கக் கூடாது என்கிறது மத்திய அரசின் வழிகாட்டி. கணவரின் கையெழுத்து தேவையில்லை என்றும் சொல்கிறது. காகிதத்தில் இப்படி இருந்தும், 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்தார்கள். ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 80 பேருக்கும் மேல் செய்திருந்தார். இத்தகைய முகாம்களைப் பற்றிய தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முகாம் முறையை மூன்றாண்டுக்குள் ஒழிக்கவும், இலக்கு வைத்து ஆள் சேர்ப்பதைக் கைவிடவும், விளைவுகளைப் பெண்ணின் மொழியிலேயே விளக்கவும் உத்தரவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகும் கரு தங்குவது உண்டு. நாள் தள்ளிப்போய் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல் என்றால் காத்திருக்காதீர்கள். கருக்குழாயிலேயே கரு வளர்கிறதோ என்று உடனே பார்க்க வேண்டும், தாமதம் உயிரைப் பறிக்கும். கருப்பையில்தான் தங்கியிருக்கிறது, வேண்டாம் என்றால், கருத்தடை தோற்றது என்பதே 20 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்புக்குப் போதுமான காரணம். 2021 திருத்தத்துக்குப் பிறகு மணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும். 18 வயது நிரம்பியவருக்குத் தன் கையெழுத்தே போதும். ‘ஆபரேஷன் செய்துகொண்டால்தான் கலைப்போம்’ என்று நிபந்தனை போட எந்த மருத்துவமனைக்கும் அதிகாரம் இல்லை.

அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த தனியார் மருத்துவமனையிலோ செய்த ஆபரேஷன் தோற்றுப்போனால் 60,000 ரூபாய் இழப்பீடு உண்டு. வீடு திரும்பிய 60 நாட்களுக்குள் வரும் சிக்கலுக்கு 50,000 வரை மருத்துவச் செலவு கிடைக்கும். சிகிச்சையின்போதோ வீடு திரும்பி ஏழு நாட்களுக்குள்ளோ இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம், எட்டாம் நாளிலிருந்து முப்பதாம் நாளுக்குள் என்றால் 1 லட்சம். தெரியவந்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தோல்விக்கு மருத்துவரின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. கவனக்குறைவும் இருந்தால் அது தனி வழக்கு. கட்டணம் வாங்கிய தனியார் மருத்துவமனை மீது இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆபரேஷன் தோற்றது என்பதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று ஆகிவிடாது என 2005இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், காகிதங்கள் முக்கியம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி.

பெண்ணுக்கு ஒரு மாதம் கழித்தும் ஆணுக்கு மூன்று மாதம் கழித்தும் தரப்படும் கருத்தடைச் சான்றிதழைப் பலர் வாங்குவதே இல்லை. அது இல்லாவிட்டால் இழப்பீடு கேட்பது கடினம். ஆகவே ஆபரேஷன் முடிந்தவர்கள் அதை வாங்கி வையுங்கள். இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள், ஏழாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது கணவரையும் அழைத்துப் போய்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ எல்லா வழிகளையும் கேளுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 104க்குப் போன் செய்யுங்கள்.