செல்போனில் வாங்கினாலும் மூணு கேள்வி கேட்போம்



குழுக் கூட்டத்தில் ஒருவர் கடன் கேட்டால் நாம் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. "எதுக்கு?", "எவ்வளவு?", "பணம் எப்படித் திரும்ப வரும்?" என்று மூணு கேள்வி கேட்கிறோம். பதில் சரியாக இருந்தால்தான் தீர்மான நோட்டில் எழுதுகிறோம். ஆனால் அதே நாம், ராத்திரி சாப்பிட்டுவிட்டு செல்போனைப் பார்க்கும்போது இந்த மூணில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. "80 சதவீதம் தள்ளுபடி" என்று பார்த்ததும் விரல் தானாகப் போய்விடுகிறது.

சமயநல்லூர்ப் பக்கம் நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவர். தையல் மெஷின் 2,499 ரூபாய் என்று செல்போனில் விளம்பரம் வந்தது. குழுவில் 2,500 ரூபாய் கடன் வாங்கி, அதில் வந்த கோடுக்குப் பணம் அனுப்பினார். மெஷின் வரவில்லை. பத்து நாள் கழித்து இணையத்தில் தேடி ஒரு நம்பரைப் பிடித்துப் பேசினார். "பணத்தைத் திருப்பி அனுப்புறோம்மா, ரகசிய நம்பரைப் போடுங்க" என்றான் ஒருவன். போட்டார். மகளின் வேன் கட்டணத்துக்கு வைத்திருந்த 4,000 ரூபாயும் போனது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. வராத மெஷினுக்குப் பத்து மாசம் கூட்டத்தில் தவணை கட்டினார். கடைசித் தவணை அன்றைக்குத்தான் அழுதுகொண்டே சொன்னார்.

அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. கடன் கொடுக்கும்போது "எதுக்கு?" என்று கேட்டோம். "எங்கே வாங்கப் போறே?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. செல்போனில் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மிக்சிக்கு உதிரிப் பாகம், பிள்ளைகளுக்குப் பரீட்சைப் புத்தகம் என்று பக்கத்தில் கிடைக்காத பலதும் அதில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. கேட்டு வாங்குவோம் என்கிறோம், அவ்வளவுதான்.

முதல் கேள்வி: எதுக்கு?

பரவை மார்க்கெட்டுக்குப் போனால் முதல் கடையிலேயே தக்காளி வாங்குவோமா? ஒரு சுற்றுச் சுற்றி, நாலு கடையில் விலை கேட்டுத்தானே வாங்குவோம். செல்போனில் மட்டும் ஏன் அவசரம்? ஏனென்றால் அவசரப்படுத்துகிறார்கள். "இன்னும் 2 மட்டுமே உள்ளது", "10 நிமிடத்தில் முடிகிறது" என்று கடிகாரம் ஓடும். மறுநாள் பார்த்தால் அதே விலை, அதே கடிகாரம்.

இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டு, இவை கூடாது என்று மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பொய் அவசரம் காட்டுவது அதில் ஒன்று. நாம் கேட்காத இன்சூரன்சையோ நன்கொடையையோ கூடையில் நைசாகச் சேர்த்துவிடுவது இன்னொன்று.

இதற்கு மருந்து சுலபம். பிடித்த பொருளைக் கூடையில் போட்டுவிட்டு ஒரு ராத்திரி தூங்கி எழுங்கள். காலையிலும் தேவை என்று தோன்றினால் வாங்குங்கள். பாதிப் பொருள் காலையில் தேவைப்படாது!

இரண்டாவது கேள்வி: எவ்வளவு?

"ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதை விடுங்கள். கடைசியில் நம் கையிலிருந்து போகும் மொத்தப் பணம் எவ்வளவு? அதைப் பாருங்கள்.

அளவைக் கணக்குப் போடுங்கள். சோப்புத்தூள் 3 பாக்கெட் ஆஃபர் 330 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் 750 கிராம்தான். மொத்தம் 2 கிலோ 250 கிராம். அப்படியென்றால் கிலோ 147 ரூபாய் ஆகிறது. நம்ம ஊர் மளிகைக் கடையில் அதே தூள் கிலோ 140 என்றால் ஆஃபர் யாருக்கு?

மேல்செலவையும் கூட்டுங்கள். அனுப்பும் கட்டணம், கையில் பணம் கொடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில்தான் வரும். டவுனுக்குப் போய் வாங்குவதையும் அதே மாதிரி கணக்குப் போடுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. ஆனால் விளக்குத்தூண் போய்வர அரைநாள் கூலி போகும். ஒரு சேலைக்காகப் போனால் நஷ்டம். பண்டிகைக்கு நாலு வீடு சேர்ந்து போனால் லாபம், துணியையும் தொட்டுப் பார்க்கலாம்.

தொட்டுப் பார்ப்பது என்றதும் நம்ம மதுரை சுங்குடி ஞாபகம் வருகிறது. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. நிஜச் சுங்குடியில் துணியைக் கையால் முடிச்சுப் போட்டுக் கட்டிச் சாயம் ஏற்றுவார்கள். அதனால் புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது. எல்லாப் புள்ளியும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் அது பிரிண்ட். பிரிண்ட் வாங்குவது தப்பில்லை. பிரிண்டுக்கு முடிச்சுச் சேலை விலை கொடுப்பதுதான் தப்பு. போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், துணி என்ன வகை என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

தவணையில் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். "வட்டியில்லாத் தவணை" என்பார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கும். ஒரு கணக்குப் பாருங்கள். மொத்தமாகக் கொடுத்தால் 5,500 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், தவணையில் மாசம் 1,000 வீதம் 6 மாசம். கூடவே நடைமுறைக் கட்டணம் 199, அதற்கு 18 சதவீத வரி. மொத்தம் 6,235 ரூபாய். கூடுதலாகப் போனது 735.

அதே 5,500-ஐக் குழுவில் நூத்துக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில் வாங்கி, 6 மாசத்தில் அசலைச் சமமாகக் கட்டினால் வட்டி 192 ரூபாய் 50 காசு. அந்த வட்டியும் வெளியே போகாது, நம் குழுவுக்கே வரும்.

மூன்றாவது கேள்வி: பணம் எப்படித் திரும்ப வரும்?

பணம் போகும் வழியைப் பார்க்கும் முன்னால், திரும்பி வரும் வழியைப் பாருங்கள். கிழிசலோ, அளவு சரியில்லையோ, எத்தனை நாளைக்குள் திருப்பித் தரலாம்? வீட்டுக்கே வந்து எடுப்பார்களா? பணமாகத் தருவார்களா, மாற்றுப் பொருள்தானா? இது வாங்கும் பக்கத்திலேயே இருக்கும்.

விற்பவர் யார் என்றும் பாருங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் பெயர் எல்லாம் தெரியும்படி போட வேண்டும். முகவரியே இல்லாத கடைக்குப் பணம் அனுப்பாதீர்கள். நாம் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிதான்.

மனதில் நிறுத்த வேண்டியவை:

1. பணம் வாங்குவதற்கு ரகசிய நம்பர் போடவே தேவையில்லை. அது பணம் அனுப்ப மட்டும்தான். "போடுங்க" என்று சொன்னால் அவன் திருடன்.

2. புகார் நம்பரை இணையத்தில் தேடாதீர்கள். வாங்கிய ஆப்பின் உள்ளேயே பாருங்கள்.

3. பார்சலைப் பிரிக்கும்போது வீட்டில் ஒருவர் வீடியோ எடுக்கட்டும். உள்ளே செங்கல் இருந்தால் அதுதான் சாட்சி. பில், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

4. நாம் கேட்காத பார்சல் வந்து "காசு கொடுங்க" என்றால் வாங்க வேண்டாம். வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

5. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

6. பொருள் சரியில்லை, கடைக்காரர் கேட்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

அந்த உறுப்பினரின் குழுவில் இப்போது ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். செல்போனில் 1,000 ரூபாய்க்கு மேல் எது வாங்குவதாக இருந்தாலும், முதலில் கூட்டத்தில் காட்ட வேண்டும். பன்னிரண்டு பேர் கண் பார்த்தால் ஏதாவது ஒரு கண்ணில் படும். போன மாசம் ஒரு பொய் விளம்பரத்தைக் கண்டுபிடித்துத் தடுத்தவர் யார் தெரியுமா? வராத மெஷினுக்குத் தவணை கட்டிய அதே அக்காதான். "இதுலயும் முகவரி இல்லடி, அனுப்பாத" என்றாராம்.

ஏமாந்தது குற்றமில்லை, சகோதரிகளே. வெளியே சொல்லாமல் இருந்தால்தான் அடுத்தவரும் ஏமாறுவார். அடுத்த கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். 1930, 1915 இரண்டையும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் நம்முடையது. கேள்வி கேட்டே செலவழிப்போம்!